ஒத்தத் தலைவலி அடியோடு போகுமா?

நோயோடு வாழ்க்கை – 9

மல்லாட்டைக் கொல்லையில் களை வெட்டும்போது பத்து மணி வெயிலுக்கே ஒரு பக்க நெற்றிப்பொட்டு தெறிக்கத் தொடங்கினால், ஒலக்கூர் வட்டாரத்துப் பெண்கள் முதலில் போய் நிற்பது மருந்துக்கடையில்தான். திண்டிவனம் அரசு மருத்துவமனைக்குப் பஸ் ஏறி, ஓ.பி. சீட்டு வாங்கி, டாக்டரைப் பார்த்துத் திரும்புவதற்குள் அன்றைய கூலி போய்விடும். கடை மாத்திரைக்குச் சில ரூபாய் போதும். வாந்தி வந்தால் பித்தம், மூக்கடைத்தால் சைனஸ், படிக்கிற பிள்ளைக்கு வந்தால் கண் பவர் என்று வேறு வேறு பெயர்களில் இந்த ஒத்தத் தலைவலி, அதாவது மைக்ரேன், வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கும். தங்களுக்கு சைனஸ் தலைவலி என்று நம்பியிருந்த ஏறக்குறைய 3,000 பேரை அமெரிக்காவில் ஆராய்ந்தார்கள். அவர்களில் 100-க்கு 88 பேரின் அறிகுறிகள் மைக்ரேனுக்கு உரியவை.

டாக்டரிடம் போய்ச் சேர்கிறவர்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "இது அடியோட போயிடுமா?"

போகாது. மைக்ரேனை வேரோடு பிடுங்கும் மருந்து இன்றைக்கு எந்த வைத்தியத்திலும் இல்லை. ஆனால் மாதத்தில் எட்டு நாள் படுக்கப்போட்ட வலியை நான்கு நாளாக, இரண்டு நாளாகக் குறைக்க முடியும். இந்த இரண்டாவது செய்தி நம் ஊர்களுக்குப் போய்ச் சேரவில்லை என்பதுதான் என் வருத்தமெல்லாம். சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் தீராது என்று தெரிந்தும் மக்கள் மாத்திரை போட்டு நடமாடுகிறார்கள். தமிழக அரசு 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் அந்த மாத்திரைகளை வாசலுக்கே கொண்டுவந்து கொடுக்கிறது. தலைவலிக்காரிக்கு மட்டும் "சும்மா படுத்துக்கிறா" என்ற பேச்சு.

சும்மா படுப்பவர்கள் இத்தனை பேரா? பெங்களூரிலும் அதைச் சுற்றிய கிராமங்களிலும் நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வீடுவீடாகப் போய்க் கேட்டதில், ஓர் ஆண்டுக்குள் மைக்ரேன் வந்தவர்கள் வயதுவந்தோரில் 100-க்கு 25 பேர். உலகெங்கும் ஆண்களைப் போல இரண்டு, மூன்று மடங்கு பெண்களுக்கு இது வருகிறது. வலி கவனிக்காமல் விட்டால் நான்கு மணி நேரம் முதல் மூன்று நாள் வரை நீடிக்கும், வெளிச்சமும் சத்தமும் ஆகாது, நடந்தாலே இடிக்கும்.

பெரும்பாலும் இது குடும்பவழியாக வருவது. சீக்கிரம் கிளர்ந்துவிடுகிற நரம்பு மண்டலம் பிறவியிலேயே அமைந்துவிடுகிறது. பட்டினி, தூக்கக் குறைவு, வெயில், மாதவிலக்கு எல்லாம் அதைத் தட்டிவிடுகின்றன. நம் பெண்களுக்கு இன்னொன்றும் உண்டு, தலைக்குக் குளிப்பது. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு ஈரக் கூந்தலோடு வேலை பார்த்தால் சாயங்காலம் வலி வரும் என்று பாட்டிமார் சொல்லிவந்ததை, மும்பை நரம்பியல் மருத்துவர் கே. ரவிசங்கர் 94 நோயாளிகளிடம் கண்டு 2006-இல் மருத்துவ இதழில் எழுதினார். வெளிநாட்டுப் பாடநூல்கள் கண்டுகொள்ளாத தூண்டுதல் அது.

முகத்துக்கும் தலைக்கும் உணர்வு தரும் முக்கிளை நரம்பு கிளர்ந்தால் சி.ஜி.ஆர்.பி. என்ற பொருள் சுரக்கிறது. மைக்ரேன் வலியின்போது ரத்தத்தில் அது ஏறியிருப்பதை 1990-இல் பீட்டர் கோட்ஸ்பியும் லார்ஸ் எட்வின்சனும் காட்டினார்கள். அதைத் தடுக்கும் முதல் ஊசிமருந்துக்கு 2018-இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அதுகூட வலி வருவதைக் குறைப்பதுதான்; நிறுத்தினால் பலருக்கு வலி திரும்புகிறது. விலையும் கூலிக்காரர் எட்டுகிற விலையில்லை. ஆனால் ப்ரோப்ரனலால், அமிட்ரிப்டிலின் போன்ற பழைய, மலிவான தடுப்பு மாத்திரைகள் இருக்கின்றன. தினமும் போட்டு, இரண்டு மூன்று மாதம் பொறுத்துத்தான் பலனைப் பார்க்க வேண்டும். வலி நாட்கள் பாதியாகக் குறைந்தாலே மருத்துவர்கள் அதை வெற்றி என்கிறார்கள். ஆஸ்துமா இருப்பவர்களுக்கு ப்ரோப்ரனலால் ஆகாது. கர்ப்பமாக வாய்ப்புள்ள பெண்களுக்கு வால்ப்ரோயேட் என்ற இன்னொரு தடுப்பு மாத்திரை கூடாது. ஆகவே இவை எதையும் கடையில் கேட்டு வாங்கக் கூடாது.

கடை மாத்திரையால் வருகிற கேட்டைச் சொல்லாமல் இந்த வாரத்தை முடிக்க மாட்டேன். பாரசிட்டமால் போன்ற சாதாரண வலிமாத்திரையை மாதம் 15 நாளோ அதற்கு மேலோ, எர்கோட்டமைன் என்ற மைக்ரேன் மருந்தை அல்லது பல மருந்து கலந்த மாத்திரையை 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டுவந்தால், அந்த மாத்திரையே தினசரித் தலைவலியைக் கொண்டுவந்துவிடும். வலி கூடக்கூட மாத்திரை கூடும், மாத்திரை கூடக்கூட வலி கூடும். இதிலிருந்து வெளியேற மாத்திரையை விட்டாக வேண்டும். விட்ட முதல் நாட்களில் வலி இன்னும் ஏறும். அதைத் தாங்க மருத்துவரின் துணையும், வீட்டில் அடுப்படியை ஏற்றுக்கொள்ள ஒருவரும் வேண்டும்.

திண்டிவனத்திலோ, முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரியிலோ, புதுச்சேரி ஜிப்மரிலோ டாக்டரைப் பார்க்கப் போகிறவர்கள் வீட்டுத் தினசரிக் காலண்டரில் வலி வந்த நாள், மாத்திரை போட்ட நாள், மாதவிலக்கான நாள் மூன்றையும் குறித்து எடுத்துப் போங்கள். தடுப்பு மாத்திரை வேண்டுமா, எது என்பதை முடிவுசெய்ய ஸ்கேனைவிட அந்தத் தாள்கள்தான் பெரும்பாலும் உதவும். திடீரென்று இடி விழுந்ததுபோல் வரும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கைகால் மரத்துப்போவது அல்லது பேச்சுக் குழறுவது, 50 வயதுக்குப் பிறகு முதல்முறையாக வரும் தலைவலி, பிரசவத்தை ஒட்டி வரும் கடுமையான வலி, இவற்றுக்குக் காலண்டர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அன்றே ஆஸ்பத்திரி போங்கள்.

(தொடரும்)