கழுத்தில் நெறி கட்டினால் மூக்கையும் பார்க்கச் சொல்லுங்கள்



சேத்தியாத்தோப்பு பக்கத்தில் நம் குழு அக்கா ஒருவருக்குக் காதுக்குக் கீழே, தாடை முடிகிற இடத்தில் புளியங்கொட்டை அளவில் நெறி கட்டியது. "வலியே இல்லீங்க, தானா அமுங்கிடும்னு பத்து போட்டுட்டு விட்டுட்டேன்" என்றார். நான்கு மாதத்தில் அது எலுமிச்சங்காய் அளவானது. பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி வைத்து எடுத்துப் பார்த்தார்கள், மூக்கு வழியாகக் குழாய் விட்டும் பார்த்தார்கள். நோய் பிறந்த இடம் கழுத்து இல்லை, மூக்குக்குப் பின்னால்!

"மூக்குல ஒன்னும் இல்லையே, கழுத்துக்கு எப்படி வந்துச்சு?" என்று கூட்டத்தில் எல்லோரும் கேட்டீர்கள். சொல்கிறோம்.

மூக்கின் பின்கோடியில், உள்நாக்குக்கு மேலே ஒரு சின்ன அறை மாதிரி இடம் இருக்கிறது. வாயைத் திறந்து டார்ச் அடித்தாலும் தெரியாது. நம் உடம்பில் ரத்தக் குழாய் போலவே நிணநீர் ஓடும் மெல்லிய குழாய்களும் உண்டு. மூக்கின் பின்புறம் இவை நெருக்கமாக இருக்கின்றன. அணைக்கட்டு மதகில் ஆகாயத்தாமரை வந்து அடைத்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அப்படித்தான் வாய்க்காலில் வருகிற கிருமியையும் கெட்ட செல்லையும் பிடித்து நிறுத்தும் இடம் நிணநீர் முடிச்சு. நாம் நெறி என்பது அதைத்தான். ஆகாயத்தாமரை அடைத்த இடத்திலேயே பெருகுகிற மாதிரி, புற்றுநோய் செல்லும் முடிச்சிலேயே பெருகிவிடுகிறது.

முதலில் தொண்டைக்குப் பின்னால் உள்ள முடிச்சுகள், பிறகு தாடைக்குக் கீழே மேல்கழுத்து, அப்புறம் படிப்படியாகக் கீழே இறங்கிக் காறை எலும்பு வரை போகும். அந்த அறை நடுவில் இருப்பதால் இரண்டு பக்கக் கழுத்திலும் வரலாம். இந்த நோய் கண்டவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல், கண்டுபிடிக்கும்போதே கழுத்துக்கு வந்திருக்கிறது. பலருக்கு முதல் அறிகுறியே இந்தக் கட்டிதான். வலிக்காது, கல் மாதிரி இருக்கும். வலிக்கவில்லை என்பதால்தான் நாம் ஏமாந்து போகிறோம்.

அந்த அக்காவுக்கு ஒரு பக்கக் காது அடைத்திருந்ததாம். சளியில் ரத்தக் கோடும் வந்ததாம். காதுக்குப் போகும் குழாய் அந்த அறையில்தான் திறக்கிறது, அதனால் அடைப்பு. யாரும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

பயப்பட வேண்டாம். நம் பக்கம் இது அரிது. கழுத்துக் கட்டி பெரும்பாலும் சாதாரணக் கிருமியால், அல்லது காசநோயால் வருவது. இந்தியாவில் நாகாலாந்து பக்கம்தான் இந்த நோய் அதிகம். வெளியே தென்சீனாவிலும், நம் சொந்தக்காரர்கள் இருக்கிற மலேசியா, சிங்கப்பூரில் சீனர்களிடமும் உண்டு. எப்ஸ்டீன்-பார் என்ற வைரசுக்கு இதில் பங்கு இருக்கிறது. "அப்போ கருவாடு திங்கக் கூடாதா?" என்று ஒரு தங்கை கேட்டாள். சீன முறையில் உப்பிட்ட மீனைத்தான் சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1993-ல் காரணமாகச் சேர்த்தது. மற்ற உப்பு மீனுக்கு அப்படிச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று அதுவே சொல்லியிருக்கிறது.

கட்டி இரண்டு மூன்று வாரத்தில் குறையாவிட்டால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போங்கள். "கட்டியை அறுத்து எடுத்துடுங்க" என்று அவசரப்படுத்தாதீர்கள். முதலில் மூக்கின் உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். புதுச்சேரி ஜிப்மரிலும், 1954-ல் தொடங்கிய சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலும் சிகிச்சை உண்டு. முதல்வர் காப்பீட்டு அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

இதற்குக் கத்தி முதல் வைத்தியம் இல்லை, கரண்ட் வைப்பதுதான். கூடவே மருந்தும் ஏற்றுவார்கள். கழுத்துக்கு வந்த பிறகும் பலருக்குக் குணமாகிறது. வாரம் ஐந்து நாள், ஏறக்குறைய ஏழு வாரம். அதற்கு முன் சொத்தைப் பல்லைப் பிடுங்கிவிடுவார்கள். பஸ் செலவுக்கு அக்காவின் குழு உள்கடன் கொடுத்தது. இப்போது வாய் வறண்டு போவதால் கூட்டத்துக்குத் தண்ணீர் பாட்டிலோடு வருகிறார், நடுநடுவே ஒரு மடக்கு குடித்துக்கொண்டே கணக்கு எழுதுகிறார்.