நண்பர்கள் உதவ முடியாத ஒரு மைல்

லண்டன் மாநகரின் தென்பகுதியில் கிளாப்பம் காமன் என்றொரு பெரிய புல்வெளி இருக்கிறது. ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை வெயில் ஏறுவதற்கு முன்பே ஆயிரக்கணக்கான சைக்கிள்கள் அங்கே வந்து நிற்கும். எல்லாம் பிரைட்டன் என்ற கடற்கரை ஊருக்குக் கிளம்புகிற கூட்டம். தூரம் 54 மைல், அதாவது ஏறத்தாழ 87 கிலோமீட்டர்.

இது பந்தயம் இல்லை. முதலில் போய்ச் சேர்ந்தவருக்குக் கோப்பையும் கிடையாது. "நான் பிரைட்டன் வரைக்கும் மிதிக்கிறேன், நீங்கள் முடிந்ததைக் கொடுங்கள்" என்று தெரிந்தவர்களிடம் கேட்டுப் பணம் திரட்டிக்கொண்டு வருகிறார்கள். அந்தப் பணம் பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளைக்குப் போகிறது. அங்கிருந்து இதய நோய் ஆராய்ச்சிக்குப் போகிறது. இதயத்துக்காகப் பணம் திரட்ட, தங்கள் இதயத்தையே ஒரு நாள் முழுக்க வேலை வாங்குகிறார்கள்! நல்ல வேடிக்கைதான்.

தனியாக வருகிறவர்கள் குறைவு. அலுவலக நண்பர்கள், தெருக்காரர்கள், அண்ணன் தம்பிகள் என்று கூட்டம் கூட்டமாகத்தான் வருவார்கள். நாமும் நான்கு நண்பர்களை மனதில் வைத்துக்கொள்வோம். பேச்சுத்துணை கிடைக்கும், பஞ்சர் ஆனால் ஒருவர் சக்கரத்தைப் பிடித்துக்கொள்வார். அது சரி. ஆனால் மிதிக்கிற வேலையிலேயே ஒரு நண்பன் இன்னொருவனுக்கு உதவ முடியுமா? முடியும் என்கிறது இயற்பியல். ஆனால் எல்லா இடத்திலும் முடியாது என்றும் சொல்கிறது.

முதலில் சமதளச் சாலையைப் பார்ப்போம். நடக்கும்போது காற்று என்று ஒன்று இருப்பதே நமக்குத் தெரிவதில்லை. சைக்கிளில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டுவிட்டால் கதை மாறிவிடும். நம் உழைப்பில் பாதிக்கு மேல் காற்றைத் தள்ளுவதற்கே செலவாகும். டயர் சாலையில் உருளுவதற்கும் செயின் சுற்றுவதற்கும் மிச்சம்தான். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகிவிடும். அந்த நான்கு மடங்கு தடையை இரண்டு மடங்கு வேகத்தில் தள்ள வேண்டியிருப்பதால், தேவைப்படும் திறன் எட்டு மடங்கு! இருபதிலிருந்து இருபத்தைந்துக்கு வேகத்தைக் கூட்டினால்கூட, காற்றுக்காக நாம் செலவிடும் திறன் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. "கொஞ்சம் வேகமாகப் போகலாமே" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னால் மற்ற மூவரும் முறைப்பது இதனால்தான்.

இங்கேதான் நண்பன் பயன்படுகிறான். முன்னால் போகிறவரின் உடம்பு காற்றை விலக்கிக்கொண்டு போகிறது. அவர் முதுகுக்குப் பின்னால் உள்ள காற்று சுழன்றபடி அவரோடு சேர்ந்தே நகர்கிறது. அந்த இடத்தில் அழுத்தமும் குறைவு. அதற்குள் புகுந்து ஓட்டுகிறவருக்குத் தள்ள வேண்டிய காற்று குறைந்துவிடுகிறது. பந்தய வீரர்களின் வேகத்தில் பின்னால் வருபவர் கால்வாசிக்கு மேல் உழைப்பை மிச்சம் பிடிக்கலாம். நம் நால்வர் போகிற நிதான வேகத்தில் லாபம் அதைவிடக் குறைவு. என்றாலும் எதிர்க்காற்று வீசும்போது நன்றாகவே தெரியும்.

இன்னொரு ஆச்சரியம். பின்னால் ஒருவர் ஒட்டி வந்தால் முன்னால் போகிறவருக்கும் கொஞ்சம் லாபம் உண்டு. முதுகுக்குப் பின்னால் அழுத்தம் குறைந்த இடம் அவரைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். பின்னால் வருகிறவர் அந்த இடத்தை நிரப்புவதால் இழுப்பு சற்றுத் தளர்கிறது. ஆனாலும் முன்னால் போகிறவர்தான் அதிகம் உழைக்கிறார். அதனால் முறை மாற்றி மாற்றி முன்னால் போவதுதான் வழக்கம். ஒன்று சொல்லிவிட வேண்டும்: இதைப் பழகிய நண்பர்களோடு, காலிச் சாலையில்தான் செய்ய வேண்டும். முன்பின் தெரியாதவர் சக்கரத்தை உரசிக்கொண்டு போனால் இருவரும் சேர்ந்து விழ வேண்டியதுதான்.

இப்படியே வயல், கிராமம், தேநீர்க் கடை என்று தாண்டி, பிரைட்டன் வந்துவிட்டது என்று மனம் குதிக்கும் நேரத்தில், எதிரே பச்சைச் சுவர் மாதிரி ஒரு குன்று எழுந்து நிற்கும். அதன் பெயர் டிச்லிங் பீக்கன். கடல் மட்டத்திலிருந்து 248 மீட்டர் உயரம். புல்லுக்குக் கீழே முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில் இந்த இடம் கடலாக இருந்தது. கண்ணுக்குத் தெரியாத கடல் பாசிகளின் ஓடுகள் கோடிக்கணக்கில் அடியில் படிந்து படிந்து உருவான பாறை இது. அந்தப் பாசிகளுக்கு என்ன தெரியும், பிற்காலத்தில் சைக்கிள்காரர்கள் இங்கே மூச்சு வாங்குவார்கள் என்று!

சாலை ஏறத்தாழ ஒரு மைல் தூரத்துக்குள் 140 மீட்டர் உயரம் ஏறுகிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போமா? ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்பதை 9.8 ஆல் பெருக்கி, அதை 140 ஆல் பெருக்கினால் சுமார் 1,10,000 ஜூல். பெரிய எண்தான். ஆனால் உணவுக் கணக்கில் அது வெறும் 26 கிலோகலோரி. தின்ற உணவில் நாலில் ஒரு பங்கைத்தான் நம் தசைகள் வேலையாக மாற்றும். மிச்சமெல்லாம் சூடாகிப் போய்விடும். அதையும் சேர்த்தால் நூறு கிலோகலோரிக்குச் சற்று மேலே. ஒரு வாழைப்பழம்! அந்தப் பயங்கரமான குன்றின் விலை ஒரே ஒரு வாழைப்பழம்தான்.

அப்படியானால் ஏன் பலர் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறார்கள்? எவ்வளவு ஆற்றல் என்பதல்ல, எவ்வளவு சீக்கிரம் என்பதுதான் இங்கே கேள்வி. பத்து நிமிடத்தில் ஏறினால் நொடிக்கு 183 ஜூல், அதாவது 183 வாட் திறன் வேண்டும். அதிகம் பயிற்சி இல்லாத ஒருவர் நாள் முழுக்கச் சிரமமில்லாமல் மிதிப்பது நூறு வாட் அளவில்தான். இருபது நிமிடம் எடுத்துக்கொண்டால் 92 வாட் போதும். சின்ன கியருக்கு மாற்றினால் நடப்பது இதுவே: ஒரு மிதிக்குச் சைக்கிள் நகரும் தூரம் குறைகிறது, மிதிக்க வேண்டிய அழுத்தமும் குறைகிறது. கியர் ஒரு ஜூல்கூட இலவசமாகத் தராது. தவணையை மட்டும் நீட்டிக் கொடுக்கும். இறங்கித் தள்ளினாலும் அதே 140 மீட்டர்தான் ஏறுகிறீர்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சரி, இங்கே நண்பன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாமா? பயனில்லை. அந்த வேகத்தில் காற்றின் தடை, புவியீர்ப்பின் இழுப்போடு பார்த்தால் முப்பதில் ஒரு பங்குகூட இருக்காது. காற்றை நண்பன் மறைக்கலாம். புவியீர்ப்பை யாராலும் மறைக்க முடியாது. நான்கு பேரும் அவரவர் எடையை அவரவரே தூக்கியாக வேண்டும். நல்ல நண்பர்கள் இங்கே ஒருவருக்காக ஒருவர் வேகத்தைக் குறைக்க மாட்டார்கள். தங்கள் வேகத்தில் ஏறிவிட்டு உச்சியில் காத்திருப்பார்கள். அதுதான் புத்திசாலித்தனம்.

மேட்டில் நம் இதயம் என்ன செய்கிறது? சும்மா உட்கார்ந்திருக்கும்போது பெரியவர்களின் இதயம் நிமிடத்துக்கு 5 லிட்டர் ரத்தத்தை இறைக்கிறது. உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே ஏறக்குறைய அவ்வளவுதான். கடுமையாக மிதிக்கும்போது அது 20 லிட்டராகலாம். அதில் பெரும் பங்கு கால் தசைகளுக்கே ஓடுகிறது. அங்குள்ள ரத்தக் குழாய்கள் விரிந்து வழிவிடுகின்றன. வயிற்றுக்குப் போகும் பங்கு குறைக்கப்படுகிறது. குன்றுக்கு முன்னால் வயிறு முட்டச் சாப்பிட்டவர்கள் இதை நன்றாக உணர்வார்கள்.

உச்சிக்குப் பிறகு பெரும்பாலும் இறக்கம். ஏறும்போது சேர்த்த ஆற்றல் பிரேக்கிலும் காற்றிலும் சூடாகக் கரைந்துவிடும். பிரைட்டன் கடற்கரையை ஒட்டிய மடெய்ரா டிரைவ் சாலையில் எல்லைக்கோடு. கைதட்டல், பதக்கம், புகைப்படம். சைக்கிளை விட்டுவிட்டு அப்படியே அசையாமல் நின்றால் சிலருக்குத் தலை சுற்றும். 87 கிலோமீட்டர் தாங்கியவருக்கு நிற்கும்போதா மயக்கம்?

காரணம் புரிய, கொஞ்சம் பின்னால் போவோம். 1628ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹார்வி, ரத்தம் உடம்பில் சுற்றிச் சுற்றி வருகிறது என்று விளக்கி ஒரு நூல் வெளியிட்டார். இதயத்துக்குத் திரும்பும் குழாய்களான சிரைகளில் சிறு கதவுகள் இருக்கின்றன. அவை ரத்தத்தை ஒரே திசையில்தான் விடும் என்று கையில் துணி கட்டிச் சோதித்துக் காட்டினார். காலிலிருந்து ரத்தம் மேலே ஏற, இதயத்தின் அழுத்தம் மட்டும் போதாது. கெண்டைக்கால் தசை சுருங்கும்போதெல்லாம் சிரையைப் பிழிகிறது. கதவுகள் இருப்பதால் ரத்தம் மேலேதான் போகும். மிதிக்கிற ஒவ்வொரு மிதியும் இதயத்துக்கு உதவி! திடீரென்று நின்றால் அந்தப் பிழிதல் நின்றுவிடுகிறது. குழாய்களோ இன்னும் விரிந்தே இருக்கின்றன. ரத்தம் காலில் தேங்கி, மூளைக்குப் போவது சற்றுக் குறைகிறது. அதனால் எல்லைக்கோட்டைத் தாண்டிய பிறகும் சில நிமிடம் மெதுவாக மிதிப்பதோ நடப்பதோ நல்லது.

நீங்கள் இதைச் சோதித்துப் பார்க்கலாம். கையைக் கொஞ்ச நேரம் தொங்கவிடுங்கள். புறங்கையில் சிரைகள் பச்சைக் கோடுகளாகப் புடைக்கும். தலைக்கு மேலே தூக்குங்கள், அவை அடங்கிவிடும். பிறகு மைதானத்தில் நன்றாக ஓடிவிட்டு மணிக்கட்டில் நாடித்துடிப்பை எண்ணுங்கள். ஒரு நிமிடம் கழித்து மறுபடி எண்ணுங்கள். துடிப்பு எவ்வளவு விரைவாக இறங்குகிறது என்பதை வைத்து இதயத்தின் நலத்தை மருத்துவர்கள் ஓரளவு கணிப்பார்கள். அந்த ஒரு நிமிடமும் நின்றுவிடாதீர்கள், நடந்துகொண்டே எண்ணுங்கள்!