பிடி அரிசியில் புறப்படும் மருத்துவர்

சோறு பொங்க அரிசி அளந்ததும், அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பாத்திரத்தில் போட்டு வைப்பது வடகிழக்கு இந்தியாவின் மிசோராம் மாநிலத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் நூறாண்டு கடந்த வழக்கம். ஒவ்வொரு வேளைச் சமையலுக்கும் ஒரு பிடி. அதற்கு 'பூஃபாய் தாம்' என்று பெயர். நேர்ப்பொருளும் பிடி அரிசிதான். சேர்ந்த அரிசியைச் சபைப் பெண்கள் வீடு வீடாக வாங்கி விற்றுப் பணத்தைத் திருச்சபையிடம் கொடுக்கிறார்கள். அந்தப் பணத்தில் திருச்சபை தன் ஊழியர்களை வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்புகிறது. அப்படிப் போகிறவர்களில் போதகர்கள், ஆசிரியர்கள், தாதியர் உண்டு. மருத்துவர்களும் உண்டு.

பிடி அரிசி நமக்கும் தெரியாததல்ல. காஞ்சிப் பெரியவர் வலியுறுத்திய பிடி அரிசித் திட்டத்தைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டவர்கள் இங்கும் இருப்பார்கள். மிசோக்களின் பிடி அரிசி எவ்வளவு தூரம் போகிறது என்பதுதான் வியப்பு.

2011 கணக்கெடுப்பின்படி மிசோராமின் மக்கள்தொகை ஏறக்குறைய 11 லட்சம். சிலாங்கூர் மாநிலத்தில் இருப்பவர்களில் ஆறில் ஒரு பங்குதான் வரும். பணக்கார மாநிலமும் அல்ல. அரை நூற்றாண்டுக்கு ஒருமுறை அங்கே மூங்கில் காடு மொத்தமாகப் பூக்கும். பூத்தால் எலி பெருகும், எலி பெருகினால் வயல் போய்விடும். 1959இல் வந்த பஞ்சம் அப்படி வந்ததுதான். 2007இலும் மூங்கில் பூத்தது. பசி என்றால் என்னவென்று அறிந்த மக்கள்தான் உலைக்குப் போகும் அரிசியில் ஒரு பிடியைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

வாங்கியவர்கள் அனுப்புகிறவர்கள் ஆன கதை

1894 ஜனவரியில் லொரைன், சாவிட்ஜ் என்ற இரண்டு ஆங்கிலேயப் பாதிரிமார் அந்த மலைக்கு வந்தார்கள். மிசோ மொழிக்கு ரோமன் எழுத்து அமைத்துக் கொடுத்தவர்கள் அவர்களே. பின்னாலேயே வேல்ஸ் நாட்டுப் பிரஸ்பிட்டேரியன் சபையினர் வந்தார்கள். 1908இல் வந்த டாக்டர் பீட்டர் ஃபிரேசர் நோய்க்கு மருந்து கொடுத்ததோடு நிற்கவில்லை. தலைவர்களின் வீட்டில் கட்டுண்டு கிடந்த 'போய்' என்ற அடிமை முறையை எதிர்த்தார். அது வெள்ளைக்கார அதிகாரிகளுக்குப் பிடிக்கவில்லை. அவர் சில ஆண்டுகளிலேயே அந்த மலையை விட்டுப் போக நேர்ந்தது. 1928இல் ஐசோல் நகருக்கு அருகே துர்த்லாங்கில் தொடங்கிய மருத்துவமனை இன்று மிசோ திருச்சபையின் கையிலேயே நடக்கிறது.

மொழி தெரியாத ஊரில் வந்து உட்கார்ந்து வைத்தியம் பார்த்த வெளிநாட்டு மருத்துவரை மிசோக்கள் நோயாளியின் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறார்கள் என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

பழைய இலண்டன் மிஷனரி சங்கத்தின் வழிவந்த அமைப்பு 1977இல் தன் முறையை மாற்றிக்கொண்டது. மேற்கு நாடுகள் அனுப்பும், மற்றவர்கள் வாங்கிக்கொள்வார்கள் என்றிருந்ததை விட்டு, உறுப்புச் சபைகள் எல்லாம் ஒன்றுக்கொன்று ஆள் அனுப்பலாம் என்றாக்கியது. மிசோ சபையை உள்ளடக்கிய இந்தியப் பிரஸ்பிட்டேரியன் திருச்சபையும், ஆப்பிரிக்காவின் சாம்பியா ஐக்கிய திருச்சபையும் அதில் உறுப்பினர்கள். ஐசோலிலிருந்து ஒரு மருத்துவர் ஆப்பிரிக்காவுக்குப் போக இப்படியும் ஒரு வழி திறந்தது.

இந்தப் பாதையில் ஒரு தமிழ் ஊரும் இருக்கிறது. அதுதான் வேலூர். 1900இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய சிகிச்சை நிலையம் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகவும், பிறகு பெரிய கல்லூரியாகவும் வளர்ந்தது. திருச்சபைகள் பரிந்துரைத்து அனுப்பும் மாணவர்களுக்கு அங்கே இடம் உண்டு. படித்து முடித்தால் அந்தச் சபையின் மருத்துவமனையில் குறிப்பிட்ட காலம் வேலை செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம். மிசோராமில் 2018 வரை மருத்துவக் கல்லூரியே இல்லை. மருத்துவம் படிக்க விரும்பிய மிசோ பிள்ளைகள் மலையிறங்கித்தான் ஆக வேண்டும். அவர்களில் வேலூருக்கு வந்தவர்களும் உண்டு.

சாம்பியாவின் வடக்கு மூலை

சாம்பியாவின் வடக்கே, காங்கோ எல்லையை ஒட்டி லுவாபுலா மாநிலம் இருக்கிறது. அங்குள்ள எம்பெரேஷி என்ற ஊரில் இலண்டன் மிஷனரி சங்கம் 1900இல் குடியேறியது. அங்கே உள்ள மருத்துவமனையை இப்போது சாம்பியா ஐக்கிய திருச்சபை நடத்துகிறது. இதுபோன்ற சபை மருத்துவமனைகள்தான் அந்த நாட்டின் கிராமப்புறத்துக்குப் பெரிய துணை. கட்டடமும் நிர்வாகமும் சபையுடையவை. ஊழியர்களில் பெரும்பாலோருக்கு அரசாங்கம் சம்பளம் தருகிறது. 2006 ஏப்ரல் முதல் கிராமப்புற அடிப்படைச் சிகிச்சைக்குக் கட்டணமும் கிடையாது.

தலைநகர் லுசாகாவிலிருந்து அங்கே போய்ச் சேர ஏறக்குறைய ஒரு நாள் பேருந்துப் பயணம். மக்கள் மீன் பிடிக்கிறார்கள், மரவள்ளி பயிரிடுகிறார்கள். பக்கத்துக் கவாம்புவாவில் ஒரு தேயிலைத் தோட்டமும் இருக்கிறது. மலையில் வளர்ந்த மிசோவுக்கு அந்தப் பச்சை கொஞ்சம் ஊரை நினைவுபடுத்தக்கூடும். மற்றபடி சமவெளியும் ஆறும் ஏரியும்தான்.

இப்படிப்பட்ட ஊருக்குப் போகும் மருத்துவர் முதலில் மொழி கற்க வேண்டும். ஆங்கிலம் ஆட்சி மொழியாக இருந்தாலும், பிரசவ வலியில் துடிக்கும் பெண் பெம்பா மொழியில்தான் பேசுவாள். எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாகக் காய்ச்சல், பிள்ளை பால் குடிக்கிறதா என்ற கேள்விகளை மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டே எத்தனை நாள் கேட்பது? மிசோ மொழியில் ஒரே சொல்லை ஏற்றி இறக்கிச் சொன்னால் பொருள் மாறும். பெம்பா மொழியோ பெயர்ச்சொற்களை வகை வகையாகப் பிரித்து, அதற்கேற்ப வாக்கியம் முழுவதையும் மாற்றும். இரண்டுக்கும் ஒட்டு உறவே இல்லை.

இரவில் வரும் முடிவு

நகரத்து மருத்துவமனையில் பிரசவத்துக்கு ஒருவர், எலும்புக்கு ஒருவர், குழந்தைக்கு ஒருவர் என்று நிபுணர்கள் இருப்பார்கள். இங்கே எல்லாவற்றுக்கும் ஒருவர், மிஞ்சினால் இருவர். காலையில் வார்டு சுற்றி வந்து, வெளிநோயாளிகளைப் பார்த்து, மதியம் அறுவை சிகிச்சை முடித்து, மாலையில் மருந்துக் கணக்கும் ஜெனரேட்டர் டீசலும் பார்க்க வேண்டும். இரவு கதவு தட்டப்பட்டால் பெரும்பாலும் பிரசவமாகத்தான் இருக்கும்.

தூரத்துக் கிராமத்துக் கர்ப்பிணிகள் நாள் நெருங்கும்போது மருத்துவமனை வளாகத்திலேயே வந்து தங்குவதற்காகத் தாய்மார் விடுதிகள் இருக்கின்றன. உறவுக்காரப் பெண் ஒருத்தி கூட வந்து, வெளியே அடுப்பு மூட்டிச் சமைத்துக் கொடுப்பாள். அப்படி முன்கூட்டியே வந்துவிட்டவள் பிழைத்துக்கொள்வாள். வலி வந்த பிறகு சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வருகிறவளின் நிலைமை வேறு. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, கருப்பை கிழியும் நிலையில் இருக்கிறது என்றால் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப நேரமில்லை. முதுகில் மயக்க ஊசி போடுவதும், வயிற்றைத் திறப்பதும், பிறந்த பிள்ளை அழாவிட்டால் அதைப் பார்ப்பதும் அந்த ஓரிருவர்தான்.

இரத்தம் இன்னொரு தலைவலி. மலேரியா முற்றிய குழந்தைக்கு இரத்தச் சோகை கடுமையாகும். இரத்தம் ஏற்றினால் பல நேரங்களில் சில மணி நேரத்திலேயே கண் திறக்கும், ஏற்றாவிட்டால் விடியாது. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் இரத்த தானம் செய்கிறவர்கள் பெரும்பாலும் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள். சாம்பியாவில் டிசம்பரில் பள்ளி விடுமுறை. மழை பிடித்துக் கொசு பெருகும் காலமும் அதுவே. நோயாளிகள் கூடும் நேரத்தில்தான் இரத்தம் குறைகிறது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மீன் பிடிக்கவும் அரசு தடை போடுகிறது. மீன் இனம் பெருக அது தேவைதான். ஆனால் லுவாபுலாக்காரர் கையில் காசு இல்லாத மாதங்களும் அவையே. பேருந்துக் கட்டணம் இல்லாமல் பிள்ளையைத் தாமதமாகத் தூக்கி வருகிறவர்களைத் திட்டிப் பயனில்லை என்பதை வெளியூர் மருத்துவர் ஒரே மழைக்காலத்தில் கற்றுக்கொள்வார்.

மின்சாரமும் அப்படித்தான். சாம்பியா நீர்மின்சாரத்தை நம்பியிருக்கும் நாடு. 2024 வறட்சியில் கரீபா அணை வற்றியபோது ஒரு நாளில் பெரும்பகுதி நேரம் விளக்கே இல்லாமல் பல ஊர்கள் கிடந்தன. காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரிக்கும் இயந்திரம் மின்சாரம் போனால் நின்றுவிடும். சூரிய மின்தகடும் மின்கலமும் உள்ள மருத்துவமனை தப்பித்தது. 2025 மே மாதம் அமெரிக்கா, மருந்துத் திருட்டைக் காரணம் காட்டி, சாம்பியாவுக்குக் கொடுத்துவந்த மருந்து உதவியில் ஆண்டுக்கு 50 மில்லியன் டாலரை வெட்டுவதாக அறிவித்தது. திருடியவர் யாரோ, மருந்து இல்லை என்று நோயாளியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் வார்டில் நிற்பவர்.

வளாகத்துக்குள் ஒரு வீடு

மருத்துவரின் வீடு மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயே இருக்கும். எந்த நேரமும் கூப்பிடலாம் என்பதால் அது நோயாளிக்கு நல்லது. அதே காரணத்தால் குடும்பத்துக்குக் கஷ்டம்.

வெளியில் பேசப்படுவது மருத்துவரின் தியாகம்தான், அவருடைய துணையைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. துணைவர் தாதியாகவோ ஆசிரியராகவோ இருந்தாலும், வேலை அனுமதி மருத்துவருக்கு மட்டும் கிடைத்திருந்தால் சம்பள வேலை பார்க்க முடியாது. ஊரில் தாயும் அண்ணியும் அக்கம்பக்கமும் பகிர்ந்துகொண்ட வீட்டுப் பாரம் இங்கே ஒருவர் தலையில் விழுகிறது. சந்தையில் கிடைப்பது மரவள்ளி மாவும் சோள மாவும். இரண்டையும் கிளறிச் செய்யும் 'இன்ஷிமா'தான் அந்த நாட்டின் சோறு. அரிசிச் சோறு கேட்கும் மிசோ வயிறு அதற்குப் பழக வேண்டும். புளிக்க வைத்த சோயா மொச்சையான 'பேகாங்' ஊரிலிருந்து வருகிறவர் பையில் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

பிள்ளைகள் எளிதாகப் பழகிவிடுவார்கள். ஒரே ஆண்டில் பெம்பாவில் சண்டை போடுவார்கள். பெற்றோரின் கவலையும் அங்கேதான் தொடங்குகிறது. வீட்டில் பாட்டுப் பாடி, வேதம் வாசித்து மிசோ மொழியைக் காப்பாற்றினாலும், எழுத வராத பிள்ளை ஐசோல் பள்ளியில் போய் எப்படி உட்காரும்? நல்ல உயர்நிலைப் பள்ளி வேண்டுமென்றால் தூரத்து நகரத்தில் விடுதியில் விட வேண்டும், அல்லது ஊரில் தாத்தா பாட்டியிடம் அனுப்ப வேண்டும். மிஷன் குடும்பங்கள் பணியை விட்டுத் திரும்புவதற்குப் பிள்ளைகளின் படிப்பு ஒரு முக்கியக் காரணம். இதைத் தளர்ச்சி என்று குறை சொல்வது நியாயமல்ல.

சாவுச் செய்தி வரும் நாள்தான் எல்லாவற்றிலும் கடினமானது. மிசோ சமூகத்தில் ஒருவர் இறந்தால், 1935இல் தொடங்கிய இளைஞர் சங்கத்தார் குழி தோண்டுவார்கள், ஊரார் இரவெல்லாம் அந்த வீட்டில் உட்கார்ந்து பாடுவார்கள். தன்னலம் பாராமல் அடுத்தவருக்கு ஓடுவதை 'த்லாம்ஙாய்னா' என்று சொல்லி, மிசோக்கள் அதைத் தங்கள் குணத்தின் தலையாகக் கருதுகிறார்கள். அப்பாவின் அடக்கத்துக்கு மகன் லுவாபுலாவிலிருந்து பேருந்தும் மூன்று விமானமும் மாறிப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் சாம்பியர்களுக்கும் இழவு வீட்டு வழக்கம் ஒன்று உண்டு. அண்டை அயலார் வந்து, வெளியே நெருப்பு மூட்டி, பாடிக்கொண்டு இரவில் அங்கேயே தங்குவார்கள். மொழி வேறு, பாட்டு வேறு. ஆனாலும் அந்த முற்றத்தில் உட்கார்ந்திருக்கும் மிசோ குடும்பத்துக்கு நடப்பது என்னவென்று யாரும் விளக்க வேண்டியிருக்காது.

அவர் போன பிறகு

வெளிநாட்டு மருத்துவர் என்றைக்கும் தற்காலிகமானவர். விடுப்பில் போனாலோ, நோயில் படுத்தாலோ, ஒப்பந்தம் முடிந்தாலோ அறுவை அறைக் கதவு மூடப்படுமா என்பதே அந்த ஊர்ப் பெண்களுக்கு முக்கியமான கேள்வி.

அதற்குச் சாம்பியா கண்ட வழி ஒன்று உண்டு. முழு மருத்துவப் பட்டம் இல்லாத, ஆனால் நோய் பார்த்து மருந்து கொடுக்கப் பயிற்சி பெற்ற கிளினிக்கல் ஆபீசர்கள் அங்கே நெடுங்காலமாக உண்டு. தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்களுக்கு இதைப் படிக்கும்போது அந்தக் கால டிரெசர் நினைவுக்கு வருவார். பெரிய டாக்டர் எப்போதாவது வந்துபோவார், அன்றாடம் காய்ச்சலும் காயமும் பார்த்தது டிரெசர்தான். சாம்பியா ஒரு படி மேலே போனது. 2002 முதல் கிளினிக்கல் ஆபீசர்களுக்கு மேற்பயிற்சி கொடுத்து, சிசேரியன் போன்ற அவசர அறுவை சிகிச்சையும் செய்யத் தகுதியுள்ள 'மெடிக்கல் லைசென்ஷியேட்' என்ற நிலைக்கு அவர்களை உயர்த்தியது. நகரத்து மருத்துவர்கள் வர மறுக்கும் ஊர்களில் இவர்கள் தங்குகிறார்கள். அது அவர்கள் மொழி பேசும் ஊர்.

ஆகவே மிஷன் மருத்துவரின் வேலையில் பாதி, பக்கத்தில் ஒருவரை நிறுத்திக் கத்தியை அவர் கையில் கொடுப்பது. முதல் பத்து அறுவையில் அவர் பார்ப்பார், அடுத்தவற்றில் இவர் பார்ப்பார். இதற்குப் பொறுமை வேண்டும். தானே செய்தால் அரை மணியில் முடிவது ஒன்றே கால் மணி இழுக்கும். வெளியே வரிசை நீளும். ஐசோலில் அரிசி சேர்த்துக் கொடுத்தவர்களுக்கு அனுப்பும் கடிதத்தில், இவர் செய்த அறுவைகளின் எண்ணிக்கையும் அதனால் குறைந்துதான் இருக்கும். குடும்பம் ஊருக்கு விடுப்பில் போகும் அந்த இரண்டு மூன்று மாதங்களில், நள்ளிரவில் சைக்கிளில் வந்து இறங்கும் பெண்ணுக்குக் கதவைத் திறக்கப்போவது பக்கத்தில் நின்று கற்றுக்கொண்ட அந்த ஆள்தான்.