பல்லில்லாத் தாடையும் ஸ்கேனரும்

மாமல்லபுரம் அர்ச்சுனன் தபசைத் துண்டு துண்டாகப் படமெடுத்து இணைத்தால், யானையும் முனிவருமே இணைப்பிடத்தைக் காட்டிக்கொடுப்பர். அருகிலுள்ள வெறும் மணற்பரப்பை அப்படி இணைக்க முடியுமா?

வாய்க்குள் செலுத்தப்படும் ஸ்கேனருக்கும் இதே சிக்கல்தான். சிறு சிறு படங்களை இணைத்தே அது தாடையின் முழு வடிவத்தை உருவாக்குகிறது. பற்கள் இருந்தால் அவையே அடையாளம். பல் முழுவதும் இழந்த தாடையிலோ வழவழப்பான ஈறும் உமிழ்நீரும்தான். ஒவ்வோர் இணைப்பிலும் நேரும் நுண்பிழை, தாடையின் மறுமுனையை எட்டுவதற்குள் கட்டாத வட்டியாகச் சேர்ந்துவிடலாம்.

இயற்கைப் பல்லின் வேரைச் சூழ்ந்த மெல்லிய நார்த்திசு சற்று நெகிழ்ந்து கொடுக்கும். எலும்போடு ஒன்றிவிட்ட டைட்டானியம் திருகுக்கு அந்தச் சலுகை இல்லை. பல திருகுகளின் மீது அமரும் பல்வரிசை, தலைமுடிப் பருமனான 100 மைக்ரான் அளவுக்கு விலகினாலும் அழுத்தம் தங்கிவிடும்; நாளடைவில் திருகு தளரலாம், உடையவும் கூடும். ஓரிரு பற்களுக்கு ஸ்கேனர் நன்றாகவே உதவுகிறது. முழுத் தாடைக்கு அதை மட்டும் நம்புவதற்கில்லை.

செங்கல்பட்டு, கேளம்பாக்கம் எனப் பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ள பகுதி இது. ஆயினும், விற்பவர் அறிந்ததை வாங்குபவர் அறியாத சந்தை என்றே பொருளியல் இதைச் சொல்லும். இறுதிப் பல்வரிசைக்கு முன் சோதனைச் சட்டம் பொருத்திப் பார்த்தீர்களா என்று மருத்துவரைக் கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு.