சிவந்த கண் சொல்லும் சேதி

மென்பொருளில் ஒரே பிழைச்செய்தி பத்து வெவ்வேறு காரணங்களால் வரும். கண் சிவப்பதும் அப்படித்தான். நான் மருத்துவன் அல்லன். இங்கே நியூ ஜெர்சியில் ஏப்ரல் மாதம் மரங்களின் மகரந்தம் பறக்கத் தொடங்கினால் என் மகனுக்குக் கண் சிவந்துவிடும். அதனால், கண் மருத்துவர்கள் எதைப் பார்த்து முடிவுக்கு வருகிறார்கள் என்று கேட்டும் படித்தும் தெரிந்து கொண்டதை இங்கே சொல்கிறேன்.

அவர்களின் முதல் கேள்வி: அரிக்கிறதா, வலிக்கிறதா?

அரிப்பு என்றால் பெரும்பாலும் ஒவ்வாமை. வழக்கமாக இரு கண்களும் சிவக்கும், நீர் வடியும், நூல்போல இழுபடும் பீளை வரும், கூடவே தும்மலும் இருக்கலாம். இமையின் உட்சவ்வில் உள்ள மாஸ்ட் செல்கள் வெளிவிடும் ஹிஸ்டமின்தான் அரிப்புக்கு முக்கியக் காரணம். மருத்துவர் மேலிமையைத் திருப்பிப் பார்ப்பார். உள்ளே கூழாங்கல் பாவியது போலப் பெரிய முகிழ்கள் தெரிந்தால், அது 'வெர்னல்' என்னும் கடுமையான வகையாக இருக்கலாம். வெப்பமான, வறண்ட நாடுகளில் சிறுவர்களிடம் இது அதிகம். கருவிழியின் விளிம்பில் தோன்றும் ஹார்னர்-டிரான்டாஸ் வெள்ளைப் புள்ளிகளும் இதன் அடையாளம். கருவிழியில் புண் விழுந்தால் பார்வை பாதிக்கப்படும்.

அரிப்போ பீளையோ இல்லாமல் வலி, வெளிச்சத்தில் கூச்சம், பார்வை மங்கல் என்றால் கண்ணுக்குள்ளேயே அழற்சி, அதாவது யுவியைட்டிஸ் இருக்கலாம். கருவிழியைச் சுற்றிச் சிவப்பு வளையமிடும், பாப்பா சுருங்கியிருக்கும். 1911-ல் ஸ்வீடன் நாட்டு குல்ஸ்ட்ராண்ட் அறிமுகப்படுத்திய ஸ்லிட் லாம்ப் வழியே பார்த்தால், கூரை ஓட்டை வழி விழும் வெயிலில் தூசி மிதப்பது போல வெள்ளணுக்கள் மிதப்பது தெரியும். அப்போது மருத்துவர், "காலையில் எழுந்ததும் இடுப்பு இறுகிப்போய் இருக்கிறதா?" என்று கேட்டால் வியக்காதீர்கள். எச்.எல்.ஏ-பி27 மரபணுவோடு தொடர்புள்ள முதுகெலும்பு வாதம் கண்ணிலும் தலைகாட்டும்.

ஊரிலிருந்து வரும் பெட்டியில் மாங்காய் ஊறுகாயோடு கண் சொட்டு மருந்தும் வருவதுண்டு. அதில் ஸ்டீராய்டு இருந்தால் ஒரே நாளில் சிவப்பு மறையலாம். ஆனால் மருத்துவர் கண்காணிப்பின்றித் தொடர்ந்தால் கண் அழுத்தம் கூடி கிளாக்கோமாவும், கண்புரையும் வரலாம். சிவப்புக்குக் காரணம் ஹெர்பிஸ் கிருமி என்றால், அதே மருந்து கருவிழியை அரித்துவிடும்.

அரித்தால் கசக்காமல் குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் ஒற்றுங்கள். வலியும் மங்கலும் இருந்தால் அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள்.