சித்தரஞ்சன் பார்க்: அகதிகள் அமைத்த குடியிருப்பில் ஞாயிறு விருந்து

புதுதில்லி: நாடாளுமன்றக் கூட்டத்தொடர் நடைபெறும் நாள்களில் தலைநகரின் அரசியல் வட்டாரத்துக்குச் சாப்பாட்டுக் கவலை அதிகம் இருப்பதில்லை. 2021-ஆம் ஆண்டில் மானியம் நிறுத்தப்பட்டுவிட்டாலும், நாடாளுமன்ற வளாக உணவகம் இருக்கிறது. மாநில அரசுகளின் இல்லங்களும் இருக்கின்றன. சனி, ஞாயிறு வந்தால்தான் கேள்வி எழுகிறது: குடும்பத்துடன் வெளியே போனால் எங்கே சாப்பிடுவது?

இந்தக் கேள்விக்குத் தில்லியில் ஒவ்வொரு மொழியினரும் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். எல்லா மொழியினரும் ஒப்புக்கொள்ளும் பதில்களில் ஒன்று, தெற்கு தில்லியில் உள்ள சித்தரஞ்சன் பார்க். ஆட்டோ ஓட்டுநரிடம் "சி.ஆர். பார்க்" என்று சொன்னால் போதும். நாடாளுமன்றத்திலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில், கால்காஜிக்கும் கிரேட்டர் கைலாஷுக்கும் இடையே அமைந்திருக்கும் இந்தக் குடியிருப்பின் சந்தைகளில் வார இறுதி மாலைகளில் நிற்க இடம் கிடைப்பது அரிது.

ஆனால், இங்கே கிடைக்கும் மீன் சாப்பும் முட்டை ரோலும் வெறும் நாக்கு ருசி சார்ந்த விஷயங்கள் அல்ல. ஒரு மக்கள் கூட்டம் தலைநகரில் தனக்கென ஓர் இடம் பெற்ற வரலாறும், அந்த இடத்தைத் தக்கவைத்துக்கொள்ள எழுந்திருக்கும் கேள்விகளும் அந்தத் தட்டில்தான் இருக்கின்றன.

பாறை நிலத்தில் ஒரு வங்கம்

1947 பிரிவினைக்குப் பிறகு மேற்கு பஞ்சாபிலிருந்து வந்தவர்களுக்காகத் தில்லியில் லாஜ்பத் நகர், ராஜேந்திர நகர், படேல் நகர் என்று வரிசையாகக் குடியிருப்புகள் எழுந்தன. கிழக்கு வங்கத்தில் வீடு, நிலத்தை இழந்து தில்லியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த வங்காளிகளுக்கு அத்தகைய ஏற்பாடு எளிதில் கிடைக்கவில்லை. மத்திய அரசு ஊழியர்கள் பலர் முன்னின்று 1954-இல் சங்கம் அமைத்தனர். மனு மேல் மனு கொடுத்தனர். 1960-களில்தான் நிலம் ஒதுக்கப்பட்டது. நகரின் தென்கோடியில், முள்புதரும் பாறையுமாகக் கிடந்த அன்றைய புறநகர்ப் பகுதி அது.

"கிழக்கு பாகிஸ்தானிலிருந்து இடம்பெயர்ந்தோர் குடியிருப்பு" என்பதே அதன் முதல் பெயர். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து "இ.பி.டி.பி. காலனி" என்று அழைத்தார்கள். பின்னர், அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் அரவிந்தருக்காக வாதாடியவரும், மோதிலால் நேருவுடன் சுயராஜ்யக் கட்சியைத் தொடங்கியவருமான தேசபந்து சித்தரஞ்சன் தாஸின் பெயர் சூட்டப்பட்டது. அகதி என்ற அடையாளம் பெயர்ப் பலகையிலிருந்து நீங்கியது. சமையலில் அது நீங்கவில்லை.

எங்கே, எப்போது, என்ன?

குடியிருப்பில் எண்களால் அழைக்கப்படும் நான்கு சந்தைகள் உள்ளன. சாப்பிட வருபவர்களுக்கு முதலாம் எண் சந்தையும் இரண்டாம் எண் சந்தையும்தான் முக்கியம்.

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு மேல் வருவது நல்லது. எண்ணெய்ச் சட்டிகள் அப்போதுதான் சூடேறுகின்றன. மசித்த மீனையோ ஆட்டுக்கறியையோ பிடித்து, ரொட்டித் தூளில் புரட்டிப் பொரிப்பது "சாப்". வாழைப்பூவிலும் ஒரு சாப் உண்டு. நம் ஊர் வாழைப்பூ வடையை அறிந்தவர்களுக்கு அதன் ருசி அந்நியமாக இராது. முட்டைக் கரைசலில் தோய்த்து, மேலே நூல்நூலாகப் பொரிந்து நிற்கும் "கபிராஜி கட்லெட்"டும் கிடைக்கும்.

மைதா பராத்தாவின் மீது முட்டையை ஊற்றிச் சுட்டு, வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சைச் சாறு சேர்த்துக் காகிதத்தில் சுருட்டித் தருவது முட்டை ரோல். முட்டையையும் கொத்துக்கறியையும் உள்ளே வைத்து மடித்துப் பொரிப்பது "முகலாய் பரோட்டா". அசைவம் வேண்டாதவர்களுக்கு "ஜால் முரி" இருக்கிறது: பொரியில் கடுகெண்ணெய், வேர்க்கடலை, தேங்காய்ச் சில்லு, பச்சை மிளகாய் கலந்து பொட்டலமாகத் தருவார்கள். "புச்கா"வை, தில்லியின் கோல்கப்பாவோடு ஒப்பிட்டால் வங்காளிகள் கோபித்துக்கொள்வார்கள். கார மசாலா சேர்த்துப் பிசைந்த உருளைக்கிழங்கும் புளித் தண்ணீரும்தான் அதன் உயிர்.

உட்கார்ந்து சாப்பிட விரும்புவோர், நெடுநேரம் வதக்கிச் சமைத்த "கஷா மாங்ஷோ" என்ற ஆட்டுக்கறியை, மைதா பூரியான "லூச்சி"யுடன் கேட்கலாம். தேங்காய்ப் பல் போட்ட கடலைப்பருப்பும் அதற்கு நல்ல துணை. முதலாம் எண் சந்தையின் அன்னபூர்ணா, கமலா போன்ற இனிப்புக் கடைகளில் சந்தேஷும், மண்சட்டியில் உறைந்த இனிப்புத் தயிரும் ஆண்டு முழுவதும் உண்டு. ஈச்சமர வெல்லத்தில் செய்த இனிப்புகளைச் சாப்பிட விரும்பினால் குளிர்காலத்தில் வர வேண்டும்.

இட நெருக்கடி பெரிது என்பதால், காரில் வருவதைத் தவிர்ப்பது நலம். 2018-இல் திறக்கப்பட்ட கிரேட்டர் கைலாஷ் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் ஆட்டோவில் சில நிமிடப் பயணம்தான்.

உல்லம் மீனும் டாக்கா அரசியலும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் இதே சந்தைகளின் முகம் வேறு. கையில் பையுடன் பெரியவர்கள் மீன் வாங்க வருகிறார்கள். அரிவாள்மணையைப் போன்ற "போண்ட்டி"யின் முன் அமர்ந்து வியாபாரிகள் மீனை நறுக்குகிறார்கள். ரோகு, கட்லா, நாம் கொடுவா என்று சொல்லும் பேட்கி, இறால் என எல்லாம் இருந்தாலும், கண்கள் தேடுவது "இலிஷ்" மீனைத்தான். தமிழில் உல்லம் என்று வழங்கும் அந்த மீனைக் கடுகு விழுதில் சமைப்பது கிழக்கு வங்கத்தாரின் பெருமை.

வங்கதேசம் 2012 முதல் உல்லம் மீன் ஏற்றுமதிக்குத் தடை விதித்திருக்கிறது. 2019 முதல் துர்கா பூஜையை ஒட்டி மட்டும் சிறப்பு அனுமதி வழங்கப்பட்டு வந்தது. 2024 ஆகஸ்டில் ஷேக் ஹசீனா ஆட்சி வீழ்ந்த பின் வந்த இடைக்கால அரசு, முதலில் மறுத்துப் பிறகு 3,000 டன்னுக்கு அனுமதி அளித்தது. 2025-இல் அது 1,200 டன்னாகக் குறைக்கப்பட்டது. டாக்காவில் காற்று திசை மாறினால் தில்லியின் ஞாயிற்றுக்கிழமை மீன் விலையும் மாறுகிறது.

ஒரே தேவி, இரண்டு தட்டுகள்

இந்தச் சந்தைகளின் உண்மையான சோதனை, உள்ளூர் அரசியலிலிருந்து வருகிறது.

வட இந்தியாவின் பெரும்பகுதியில் நவராத்திரி என்றால் நோன்பு. வெங்காயம், பூண்டுகூட விலக்கப்படும். அதே நாள்களில் சித்தரஞ்சன் பார்க்கில் துர்கா பூஜை நடக்கிறது. காளி கோயில், கோஆபரேட்டிவ் மைதானம், மேளா மைதானம், பி பிளாக் என்று பல பந்தல்கள் எழுகின்றன. நண்பகலில் பந்தலுக்குள் கிச்சடியும் காய்கறிக் கூட்டும் பிரசாதமாக வழங்கப்படுகின்றன. மாலையில் பந்தலுக்கு வெளியே ரோலும் பிரியாணியும் மீன் வறுவலும் விற்கின்றன. வங்காளியின் பக்தியில் இவை இரண்டுக்கும் முரண்பாடு இல்லை. நவமியன்று ஆட்டுக்கறி சமைப்பது பல வீடுகளில் வழக்கமும்கூட.

இரண்டு மரபுகளும் பல ஆண்டுகள் அருகருகே வாழ்ந்திருக்கின்றன. 2022 ஏப்ரலில் சைத்ர நவராத்திரியின்போது, தெற்கு தில்லி மாநகராட்சியின் அன்றைய மேயர் இறைச்சிக் கடைகளை மூடுமாறு ஆணையருக்குக் கடிதம் எழுதினார். முறையான உத்தரவு எதுவும் பிறப்பிக்கப்படவில்லை. ஆயினும், வம்பு எதற்கு என்று பல கடைக்காரர்கள் கடையைச் சாத்தினர். உத்தரவே இல்லாமல் ஒரு தடை நடைமுறைக்கு வந்தது.

2025 ஏப்ரலில் விவகாரம் சித்தரஞ்சன் பார்க்குக்கே வந்தது. சந்தையை ஒட்டிக் காளி கோயில் இருப்பதால் மீன் விற்பது தவறு என்று சிலர் வியாபாரிகளிடம் வாதிடும் விடியோவை, திரிணமூல் காங்கிரஸ் எம்.பி. மஹுவா மொய்த்ரா சமூக வலைதளத்தில் வெளியிட்டார். அந்தக் கோயிலைக் கட்டியதே மீன் வியாபாரிகள்தான் என்றும், மிரட்டியவர்கள் பாஜகவினர் என்றும் அவர் குற்றம்சாட்டினார். தில்லி பாஜக அதை மறுத்தது. கோயில்களின் புனிதம் மதிக்கப்பட வேண்டும் என்று கூறிய அக்கட்சியின் மாநிலத் தலைவர் வீரேந்திர சச்தேவா, இந்த மீன் சந்தை சட்டப்படி ஒதுக்கப்பட்டது என்பதையும் ஒப்புக்கொண்டார்.

சர்ச்சை தணியக் காரணமானது அந்த ஒரு சொல்தான்: "ஒதுக்கப்பட்டது". கோயிலுக்கும் சந்தைக்கும் எது முந்தியது, எவருடைய பக்தி உயர்ந்தது என்ற வாதங்களுக்கு முடிவே கிடையாது. ஒதுக்கீட்டு ஆணை என்ற காகிதம் இருந்ததால், ஆளும் கட்சியும் அதை ஏற்க வேண்டியிருந்தது.

காகிதம் இல்லாதவர்களின் நிலை

அந்தக் காகிதம் எல்லோரிடமும் இல்லை என்பதே கவலை. சந்தைக்குள் கடை உள்ளவர்களுக்கு ஒதுக்கீடு உண்டு. வெளியே நடைபாதையில் புச்கா விற்பவருக்கும், பொரி கலக்குபவருக்கும் சாலையோர வியாபாரிகள் சட்டம்தான் பாதுகாப்பு.

நடைபாதையில் வியாபாரம் செய்வது அரசியல் சாசனத்தின் 19(1)(ஜி) பிரிவின் கீழ் அடிப்படை உரிமை என்றும், அதற்கு நியாயமான கட்டுப்பாடுகள் விதிக்கலாம் என்றும் சோதன் சிங் வழக்கில் 1989-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த உரிமைக்குச் சட்ட வடிவம் கொடுக்கக் கால் நூற்றாண்டு ஆனது. 2013 செப்டம்பரில் மக்களவை நிறைவேற்றிய மசோதாவை, தெலங்கானா பிரச்னையால் அவை கொந்தளித்துக்கொண்டிருந்த 2014 பிப்ரவரியில் மாநிலங்களவை நிறைவேற்றியது.

சட்டத்தில் குறை காண்பது கடினம். ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறையேனும் வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கும்வரை எவரையும் அகற்றக் கூடாது. அதன் பிறகும் 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும். நகர விற்பனைக் குழுவில் 40 சதவீத இடங்கள் வியாபாரிகளுக்கு உரியவை. அவற்றில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஓரிடத்தில் நடந்துவரும் சந்தையைப் பாரம்பரியச் சந்தையாக அறிவித்து, அங்குள்ளவர்களை இடம் மாற்றாமல் காக்கவும் சட்டம் வகை செய்கிறது.

சித்தரஞ்சன் பார்க் உருவாகி ஐம்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆனால், தந்தைக்குப் பின் மகன் என்று ஒரே மூலையில் நிற்கும் வியாபாரி, தாம் அத்தனை காலம் அங்கே இருந்ததை எதைக் காட்டி நிரூபிப்பார்? கணக்கெடுப்புப் பட்டியலும் சான்றிதழும்தான் அவருக்கு ஆதாரம்.

ஆதாரம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அண்மைய உதாரணம் உண்டு. புதிய குற்றவியல் சட்டங்கள் அமலுக்கு வந்த 2024 ஜூலை 1 அன்று, புதுதில்லி ரயில் நிலையம் அருகே வழியை மறித்ததாக ஒரு சாலையோர வியாபாரி மீது பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-ஆவது பிரிவில் வழக்குப் பதிவானது. நாடெங்கும் விமர்சனம் எழுந்த பிறகு, அந்த வழக்கு ஆய்வு செய்யப்பட்டுக் கைவிடப்பட்டதாக உள்துறை அமைச்சர் அமித் ஷா தெரிவித்தார். ஒருபுறம் பிரதமரின் ஸ்வநிதி திட்டத்தில் 2020 முதல் சாலையோர வியாபாரிக்குக் கடன். மறுபுறம் அதே வியாபாரி மீது வழக்கு. அரசின் இரு கைகள் ஒன்றையொன்று அறியாமல் இயங்குகின்றன.

குடியிருப்போர் பக்கமும் நியாயம் உண்டு. வார இறுதியில் வீட்டு வாசலை மறிக்கும் கார்கள், எண்ணெய்ப் புகை, மறுநாள் காலையில் கிடக்கும் காகிதத் தட்டுகள் ஆகியவை அவர்களின் அன்றாடத் தொல்லைகள். இவற்றை ஒழுங்குபடுத்தத்தான் விற்பனைப் பகுதிகளை வரையறுக்கச் சட்டம் சொல்கிறது. வரையறை செய்யாமல் விட்டுவிட்டு, புகார் வந்ததும் லாரி அனுப்பித் தள்ளுவண்டிகளை அள்ளிச் செல்வது ஒழுங்குபடுத்துதல் ஆகாது.

இதனிடையே குடியிருப்பும் மாறி வருகிறது. ஓய்வுபெற்ற ஊழியர்கள் கட்டிய சிறு வீடுகள் இடிக்கப்பட்டு நான்கு மாடிக் கட்டடங்களாகின்றன. பழைய குடும்பங்களின் பிள்ளைகளில் பலர் வேறு நகரங்களிலும் வெளிநாடுகளிலும் இருக்கிறார்கள். புதிதாகக் குடிவருவோரில் பிற மொழியினர் அதிகரிக்கின்றனர். அவர்களும் சந்தைக்கு வந்து ரோலும் சந்தேஷும் வாங்குகிறார்கள் என்பது ஆறுதலான செய்தி. மீன் சாப்பிடாதவர் மீன் சந்தையின் பக்கத்து வீட்டில் வசிப்பதும், மீன் சாப்பிடுபவர் அவரது நோன்பை மதிப்பதும் நகர வாழ்க்கையின் இயல்பு. அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

தேவைப்படுவது, ஏற்கெனவே உள்ள சட்டத்தின்படி கணக்கெடுப்பும் சான்றிதழும் மட்டுமே. ஒதுக்கீட்டு ஆணை மீன் சந்தையைக் காத்தது. சந்தைக்கு வெளியே புளித் தண்ணீர்ப் பானையுடன் நிற்பவருக்கும் அப்படியொரு காகிதம் கிடைக்க வேண்டும். அதைத் தர வேண்டிய பொறுப்பு மாநகராட்சிக்கு இருக்கிறது. தரப்பட்டதா என்று கேட்கும் பொறுப்பு, அந்தச் சட்டத்தை நிறைவேற்றிய நாடாளுமன்றத்துக்கு இருக்கிறது.