திறந்த வாசலும் போடாத பாதையும்

கல்வி குறித்து நமது சூழலில் நடக்கிற சண்டைகள் பெரும்பாலும் வாசலில் நடப்பவை. இடஒதுக்கீடு, நுழைவுத் தேர்வு, கட்டணம் எல்லாமே 'யார் உள்ளே போவது' என்ற கேள்வியைச் சுற்றியவை. நியாயமான சண்டைகள்தான், இன்னும் முடியவும் இல்லை. ஆனால் வாசலை முழுசாகத் திறந்துவிட்டால் என்ன ஆகும்? மதிப்பெண் கேட்பதில்லை, வயது பார்ப்பதில்லை, வருகிற எல்லாரையும் சேர்த்துக்கொள்வோம் என்று ஒரு கல்லூரி சொன்னால், அதுவரை வாசலில் நின்ற அதிகாரம் எங்கே போய் உட்காரும்?

இந்தக் கேள்வியில் நூறு வருஷத்துக்கும் மேலான அனுபவம் அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளுக்கு உண்டு. அங்கே அது பாடத்திட்டத்துக்குள் போய் உட்கார்ந்தது. எந்தப் பாடத்துக்குப் பிறகு எது, எந்த வகுப்பு எந்தப் பட்டத்துக்குக் கணக்கில் சேரும், எது சேராது என்கிற, பார்வைக்கு வெறும் நிர்வாக வேலையாகத் தெரிகிற ஏற்பாட்டுக்குள். கல்வி குறித்துச் செயல்படுகிற நண்பர்கள் இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கணும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

1

1901இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில், உயர்நிலைப் பள்ளி ஒன்றின் நீட்சியாக, முதல் அரசு இரண்டாண்டுக் கல்லூரி தொடங்கியது. அப்போது இவற்றுக்கு ஜூனியர் காலேஜ் என்று பெயர். 1947இல் ஜனாதிபதி ட்ரூமன் அமைத்த உயர்கல்வி ஆணையத்தின் அறிக்கைதான் 'சமுதாயக் கல்லூரி' என்ற பெயரைப் பரவலாக்கியது. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும், செலவு குறைவு, வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வருகிறவர்கள், கறுப்பர்கள், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், புதிதாகக் குடியேறியவர்கள் எல்லாம் பெருவாரியாக இங்கே வந்தார்கள்.

1960இல் கலிஃபோர்னியா மாநிலம் தனது உயர்கல்விக்கு ஒரு பெருந்திட்டம் வகுத்தது. பள்ளி முடிக்கிறவர்களில் மேல்தட்டு எட்டில் ஒரு பங்கினர் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கு; மூன்றில் ஒரு பங்கினர் வரை மாநிலக் கல்லூரிகளுக்கு; மற்ற எல்லாருக்கும் இரண்டாண்டுக் கல்லூரி. அங்கே நன்றாகப் படித்தால் மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளலாம். சமத்துவமும் படிநிலையும் ஒரே திட்டத்துக்குள் அருகருகே வைக்கப்பட்டன. இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்த கயிறு, அந்த 'மாறிக்கொள்ளலாம்' என்ற ஒரு சொல்தான்.

2

அந்தக் கயிறு எப்படி வேலை செய்தது? அதே 1960இல் சமூகவியலாளர் பர்ட்டன் கிளார்க், சான் ஹோசே நகரின் இரண்டாண்டுக் கல்லூரியை ஆராய்ந்து எழுதினார். மாறிப்போகணும் என்று வருகிறவர்கள் பலர். போய்ச் சேருகிறவர்கள் சிலர். மிச்சப்பேர் ஏன் கலகம் செய்யவில்லை? கிளார்க் இதற்குச் சூட்டிய பெயரை 'ஆறப்போடுதல்' என்று தமிழில் சொல்லலாம். இந்தச் சொல்லை அவர் எடுத்துக்கொண்டது எர்விங் காஃப்மன் 1952இல் எழுதிய கட்டுரையிலிருந்து. ஏமாற்றுக் கும்பல் ஒருவனிடம் பணத்தைப் பிடுங்கிய பிறகு, கும்பலில் ஒருத்தன் மட்டும் பின்தங்கி அவனைச் சமாதானப்படுத்துவான், அவன் போலீசுக்குப் போகாமலிருக்க. அதற்குத்தான் அந்தப் பெயர்.

கல்லூரியில் யாரும் ஏமாற்றுக்காரர் இல்லை. அதுதான் விஷயமே. சேர்ந்தவுடன் ஒரு தகுதிகாண் தேர்வு. பிறகு ஆலோசகரோடு சந்திப்பு. 'உன் திறமைக்கு ஏற்ற இலக்கு எது' என்று யோசிக்க வைக்கிற ஓர் அறிமுக வகுப்பு. மதிப்பெண் குறைந்தால் எச்சரிக்கைப் பட்டியல். ஒவ்வொன்றும் அக்கறையோடுதான் நடக்கிறது. கடைசியில் எஞ்சினியர் ஆக வந்தவன், தொழில்நுட்ப உதவியாளர் படிப்பே தனக்குச் சரி என்று தானே முடிவு செய்துகொள்கிறான். நிறுவனம் அவனைத் தள்ளவில்லை, அவனே இறங்கிக்கொண்டான்.

எனக்கு இது புதுசாகப் படவில்லை. நான் பட்டப்படிப்பில் சேரப்போனபோது, படிவத்தை வாங்கிப் பார்த்த அலுவலகப் பெரியவர், "இங்கிலீஷ் மீடியம்லாம் கஷ்டம் தம்பி, தமிழ் எடுத்துக்கோ, நிம்மதியா படிக்கலாம்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். நான் தமிழ் படித்ததற்கு வருத்தமில்லை. ஆனால் அது என் தேர்வு என்று பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

3

சமுதாயக் கல்லூரியின் துணைப்பட்டம் பொதுவாக அறுபது கிரெடிட். ஒரு பாடத்துக்கு மூன்று கிரெடிட் என்றால் ஏறக்குறைய இருபது பாடங்கள். இதில் இரண்டு தடம் உண்டு. ஒன்று பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்கானது. இன்னொன்று நேரே வேலைக்குப் போவதற்கான செயல்முறைப் பட்டம். இரண்டாவது தடத்தில் படித்த பாடங்கள் பல சமயம் பல்கலைக்கழகத்தில் கணக்கில் சேர்வதில்லை. இரண்டு வருஷம் படித்தவர் அங்கே போய் ஏறக்குறைய முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். சேருகிற நாளில் இது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு.

இதற்கும் முன்னால் இன்னொரு பள்ளம். தகுதிகாண் தேர்வில் குறைந்தவர்கள் முதலில் அடிப்படைக் கணக்கு, அடிப்படை ஆங்கிலம் படிக்கணும். இவற்றுக்குக் கட்டணம் உண்டு, பட்டத்துக்கான கிரெடிட் கிடையாது. சில இடங்களில் இப்படி இரண்டு மூன்று படிகள். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நூறு பேர், மூன்று வகுப்புகள். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு எண்பது பேர் தேறுகிறார்கள். தேறியவர்களில் நூற்றுக்கு எண்பது பேர் அடுத்த வகுப்பில் சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வகுப்பில் தேறுவது எண்பது, அடுத்ததில் சேர்வது அறுபத்து நாலு, தேறுவது ஐம்பத்தொன்று, மூன்றாவதில் சேர்வது நாற்பத்தொன்று, கடைசியில் தேறுவது முப்பத்து மூன்று. மூன்று ஆசிரியர்களும் 'என் வகுப்பில் எண்பது சதவீதம் தேர்ச்சி' என்று உண்மையாகவே சொல்லலாம். அறுபத்தேழு பேரைக் காணவில்லை. இங்கே யாரிடமும் குற்றம் இல்லை, வரிசையில்தான் குற்றம் இருக்கிறது.

இந்த மாணவர்களின் 'பிழை' பற்றி நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த மினா ஷாக்னசி 1977இல் ஒரு முக்கியமான புத்தகம் எழுதினார். 1969இல் கறுப்பின, புவேர்ட்டோ ரிக்க மாணவர்கள் சிட்டி காலேஜ் வளாகத்தைக் கைப்பற்றிப் போராடியதைத் தொடர்ந்து, 1970இல் அந்தப் பல்கலைக்கழகம் வாசலைத் திறந்தது. அப்படி வந்தவர்களின் விடைத்தாள்களை ஆயிரக்கணக்கில் படித்த ஷாக்னசி, அந்தப் பிழைகள் அறியாமையின் அடையாளம் அல்ல, அவற்றுக்குள் ஒரு தர்க்கம் இருக்கிறது என்று காட்டினார். இலக்கணப் பிழை பார்த்தே ஒருத்தரின் சாதியையும் ஊரையும் எடைபோடப் பழகிய நமக்கு இது உறைக்கணும்.

4

சமீப காலத்தில் இரண்டு திசைகளில் மாற்றம் நடந்திருக்கிறது. ஒன்று, அந்தப் பள்ளத்தைத் தூர்ப்பது. 2017இல் கலிஃபோர்னியா ஒரு சட்டம் கொண்டுவந்தது. பள்ளி மதிப்பெண்ணைக் கணக்கில் எடுக்கணும், மாணவர் ஒரு வருஷத்துக்குள் பல்கலைக்கழகத் தரக் கணக்கையும் ஆங்கிலத்தையும் முடிக்கிற வாய்ப்பைக் கூட்டுகிற மாதிரி அவரை வகுப்பில் அமர்த்தணும் என்றது. அடிப்படைப் பயிற்சி தேவையா, அதை அதே பருவத்தில் கூடவே கொடு என்பது இதன் சாரம்.

இரண்டாவது, பாதை போடுவது. தாமஸ் பெய்லியும் அவரது சகாக்களும் 2015இல் வெளியிட்ட நூலில், சமுதாயக் கல்லூரி ஒரு கேண்டீன் மாதிரி நடக்கிறது என்றார்கள். நூற்றுக்கணக்கான பாடங்களைப் பரப்பி வைத்து 'எடுத்துக்கோ' என்கிறது. எது எதோடு சேரும் என்று சொல்ல ஆளில்லை. அதற்குப் பதில், ஒவ்வொரு படிப்புக்கும் முதல் பருவத்திலிருந்து கடைசிப் பருவம் வரை தெளிவான வரைபடம் வேணும் என்றார்கள்.

இங்கே நம்மில் பலருக்குச் சந்தேகம் எழும். பாதை போடுவது என்பதே கண்காணிப்பு இல்லையா, தேர்வுச் சுதந்திரத்தைப் பறிப்பதில்லையா? கேள்வி சரிதான். ஆனால் படித்த வீட்டுப் பிள்ளைக்கு அந்த வரைபடம் சாப்பாட்டு நேரத்திலேயே கிடைத்துவிடுகிறது. அப்பா சொல்வார், சித்தப்பா சொல்வார். வரைபடமே இல்லாதவருக்குக் கொடுக்கப்படுகிற 'சுதந்திரம்', தோற்றால் பழியைச் சுமப்பதற்கான சுதந்திரம். ஆகவே பாதை வேணும். நடுவழியில் தடம் மாறுகிற குறுக்குச் சந்துகளும் அதில் வேணும்.

பாதை மட்டும் போட்டாலும் போதாது என்பதை நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007இல் தொடங்கிய ஒரு திட்டம் காட்டியது. முழுநேரப் படிப்பு, குறைந்த எண்ணிக்கை மாணவர்களுக்கு ஓர் ஆலோசகர், புத்தகச் செலவு, பஸ்-ரயில் பாஸ், வேலைக்குப் போகத் தோதாக அடுத்தடுத்து வைத்த வகுப்புகள். குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து ஒப்பிட்ட ஆய்வின் முடிவு 2015இல் வந்தது. மூன்று வருஷத்துக்குள் பட்டம் பெற்றவர்கள் திட்டத்தில் 40 சதவீதம், வெளியே 22 சதவீதம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மாணவர்கள்தான். 'தகுதி' பற்றி இவ்வளவு நாள் பேசியதெல்லாம் என்ன என்று கேட்கத் தோன்றுகிறது.

5

இந்தப் பெயர் நம் ஊருக்கும் வந்தாயிற்று. 1990களின் நடுவிலேயே புதுச்சேரியிலும் சென்னையிலும் சமுதாயக் கல்லூரிகள் தொடங்கின. 2013இல் பல்கலைக்கழக மானியக் குழு இதற்கென ஒரு திட்டம் கொண்டுவந்தது. பள்ளியிலிருந்து நின்றுபோனவர்களுக்கும் ஏழைகளுக்கும் தொழிற்பயிற்சி என்பதே இங்கு முதன்மை. அது வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டோம். ஆனால் ஒரு படிப்பைத் திட்டமிடுகிறவர்கள் வழக்கமாகத் தொடங்குவது 'எந்த வேலைக்கு ஆள் தேவை' என்பதிலிருந்து. நான் மேலே சொன்ன அனுபவம், திட்டத்தைக் கடைசிப் படியிலிருந்து பின்னோக்கி வரையச் சொல்கிறது.

இந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு இந்தப் பெண் அடுத்து எங்கே போகலாம்? அந்த இடம் இவளது பாடங்களைக் கணக்கில் ஏற்கும் என்று வகுப்பு தொடங்கும் முன்பே எழுத்தில் ஒப்பந்தம் உண்டா? பயிற்சியும் பட்டமும் ஒரே ஏணியின் படிகளா, தனித்தனி ஏணிகளா? கணக்கிலும் மொழியிலும் பின்தங்கியவருக்குத் துணை வகுப்பு முன்னாலா, கூடவேயா? கால அட்டவணை யாருடைய பஸ் நேரத்தையும் வேலை நேரத்தையும் பார்த்துப் போடப்பட்டது? பாதியில் நிற்கிறவரைத் தேடிப்போக ஒரு ஆள் சம்பளத்தில் இருக்கிறாரா?

உங்கள் பகுதியில் இப்படி ஒரு படிப்பு தொடங்குகிறார்கள் என்று துண்டறிக்கை வந்தால், தோழர்கள் அதை எடுத்துக்கொண்டு போய் முதல்வரிடம் இந்தக் கேள்விகளைக் கேட்கலாம். திறப்பு விழாவுக்கு முன்பே கேட்பது நல்லது. வகுப்பு தொடங்கி, பாதிப்பேர் நின்றுபோன பிறகு கேட்டால், 'அவங்களுக்கே விருப்பமில்லீங்க' என்றுதான் பதில் வரும்.